வெறும் எடை

தாழையூத்து தாண்டி, கல்குவாரிக்குத் திரும்பும் முக்கில்
எடைமேடை.
லாரி ஏறும்போதெல்லாம்
மேசைமேல் டீ கிளாஸ் நடுங்குகிறது.
பிரம்மசக்தி அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே
மறு கையால் தட்டுகிறாள்.
"செத்துச் செத்துப் பொழைக்குக்கா.
ஒரு சீட்டு வர்றதுக்குள்ள
டிரைவர் ரெண்டு பீடி குடிச்சிருதாரு."

பதினாறு வருசத்துப் பெட்டி.
கழற்றினால் சுண்ணாம்புக்கல் தூசி,
விசிறி ஓரம் பல்லி முட்டை ஓடு.
அதெல்லாம் ஊதினால் போகும்.

எடை போடும் புரோகிராமை எடை போட்டேன்.
இழுப்பறையிலிருந்த ஒரிஜினல் சிடியில்
நானூற்றுப் பன்னிரண்டு கேபி.
பெட்டியில், நானூற்று நாற்பது.
கால்குலேட்டரிலும் இருபத்தெட்டு அதிகம்.
நோட்பேடில், பிரிண்டர் கோப்பில், சீட்டாட்டத்தில்.
காவலுக்குப் போட்டிருந்த ஆன்டிவைரஸ்
அதுவும் இருபத்தெட்டைச் சுமந்துகொண்டுதான்
எல்லாம் நலம் என்றது.
தேதி மட்டும் மாறவில்லை ஒன்றிலும்.

"இது எது வழியா வந்துது?"
பிரம்மசக்தி கீபோர்டைப் பார்த்தாள்.
அதன் பின்னால் ஒரு பென் டிரைவ்,
'கொடை வீடியோ' என்று பிளாஸ்திரி ஒட்டி.

பழைய ஜாதி இது. கோப்பைத் தின்னாது,
கொல்லையில் குடியேறும்.
வாசலில் ஒரு டைவர்ஷன் பலகை நட்டுவைக்கும்;
கூப்பிட்ட புரோகிராம் முதலில் பின்னால் போய்
இதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான்
தன் வேலைக்குத் திரும்பும்.
கடித்ததையே மறுபடி கடிக்காதிருக்க
நாலெழுத்தில் ஓர் அடையாளமும் வைக்கும்.
அந்த நாலெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேடினேன்.

முதலாளி வந்தார். நின்றபடியே சொன்னார்:
"லோடுக்கு அறுபது கிலோ கொறையுதுன்னு
டிரைவர் பயலுவ மாசமா சலம்புதானுவ.
வைரஸ்தான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கம்மா,
ஒட்டிப் போட்டுருவோம்."

விழித்திருக்கையில் அறுத்தால்
அறுக்கிற கத்தியிலும் ஏறிவிடும்.
அதனால் பெட்டியை என் சிடியிலிருந்து எழுப்பினேன்,
யாரும் எழுத முடியாத சிடி.
ஹார்டு டிஸ்க் தூங்க,
ஒவ்வொரு கோப்பாக வாலை வெட்டி
பலகையைப் பிடுங்கி
பழைய வாசலைத் திரும்ப எழுதினேன்.
இருநூற்றுப் பதினெட்டில் மூன்று பிழைக்கவில்லை.
சீட்டாட்டம் அதில் ஒன்று.
பிரம்மசக்தி முகம் சுருங்கியது.

சொள்ளமுத்து லாரியை ஏற்றினார்.
மேடைப் பெட்டியில் சிவப்பு எண்: 24,380.
பிரிண்டர் சட்டென்று துப்பிய சீட்டில்: 24,320.

சத்தமில்லை.
அழித்துவிட்டு
முதலாளியின் ஒரிஜினலை ஏற்றினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு துளி கூடவில்லை.
மறுபடி லாரி. மறுபடி சிவப்பில் 24,380.
மறுபடி
24,320.

"இன்னும் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும்லா?" என்றார் முதலாளி.

இருபத்தெட்டு கேபி முழுக்க நான் வாசித்திருக்கிறேன்.
பெருகத் தெரியும் அதற்கு, ஒளியத் தெரியும்.
கழிக்கத் தெரியாது.

சர்வீஸ் பில்லில் எழுதினேன்:
வைரஸ் நீக்கியது, 215 கோப்பு.
எல்லாம் வெறும் எடைக்குத் திரும்பின.
சீட்டில் குறையும் அறுபது கிலோ இதனால் அல்ல.
கார்பன் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளையை மடித்துச் சட்டைப்பையில் செருகியவர்
ரூபாயை நாளைக்கு என்றார்.
மஞ்சளைப் பிரம்மசக்தி டீ கிளாசுக்கு அடியில் வைத்தாள்,
எழுத்து ஜன்னலைப் பார்க்கும்படி.

வெளியே, இன்ஜினை அணைத்துவிட்டு
சொள்ளமுத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தபோது
எனக்கு ஜங்ஷன் பஸ் வந்துவிட்டது.